ஊசி மருந்து இங்கே இருக்கிறது

நாள் 212, காலை 9.10
செவ்வாய், தாழ்நில ஆய்வு நிலையம். எழுதுவது டாக்டர் நிலோபர். இந்தக் கிரகத்தில் நாங்கள் இரண்டே பேர். துளைப் பொறியாளர் எபனேசர் எண்பது கிலோமீட்டர் தள்ளி, துளைக் குடிலில் இருக்கிறார். காற்று, தண்ணீர், மின்சாரம் சரி. விண்ணுடை உரசி அவருக்குத் தொடையில் ஒரு கட்டி. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

நாள் 214, காலை 8.40
தூசிப் புயல். வண்டி ஓடுவது சூரிய மின்சாரத்தில்; புயல் அடங்கும்வரை பேட்டரி ஏறாது. எபனேசருக்குக் காய்ச்சல், கட்டி உடைந்து சீழ் வடிகிறது. ரேடியோவில் நான் சொல்லச் சொல்ல, சீழைத் தொட்டுப் பரிசோதனைப் பட்டையில் வைத்தார். இருபது நிமிடத்தில் முடிவு. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி. குடிலில் உள்ள மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. ஒரே ஒரு ஊசி மருந்துக்குத்தான் கேட்கும். அது குளிரில் வைக்கவேண்டியது, அதனால் இங்கே இருக்கிறது.

நாள் 215, பகல் 1.15
கட்டியைச் சுற்றிப் பரவும் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடச் சொல்லியிருந்தேன்.
"கோட்டத் தாண்டிட்டு டாக்டர். இடுப்பு வரைக்கும் வந்துட்டு."
முடிவை அனுப்பியதற்குப் பூமியிலிருந்து பதில்: "பரிசோதனை முடிவு தெளிவு. ஊசியை உடனே தொடங்கவும்."
மூன்று முறை படித்தேன். வண்டியை எடுத்தேன். நிலையம் கண்ணிலிருந்து மறைவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. நடந்து திரும்பினேன். குடிலுக்கு நடந்தே போகலாமென்றால், விண்ணுடையில் உள்ள காற்று கால்வாசித் தூரத்துக்குக்கூட வராது.

நாள் 216, காலை 11.05
"டாக்டர், இந்த மாத்திரையவாவது போட்டுக்கட்டுமா?"
"அது கேக்காது எபனேசர். முடிவ நீங்களும் பாத்தீங்களே."
"பாத்தேன். சும்மா கெடக்க முடியல. நீங்க போடச் சொன்னா போடுதேன்."
பயன்படாதென்று தெரிந்தே நான் யாருக்கும் மருந்து எழுதியதில்லை.
"போடுங்க. வேளைக்கு ஒண்ணு. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க."
கொஞ்சம் கழித்து அழைத்தார். "இப்ப தெம்பா இருக்கு டாக்டர்."
நல்லது என்றேன்.

நாள் 217, மாலை
பேச்சு குழறுகிறது. மகள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார். நானும் "ம்" என்கிறேன்.

நாள் 218, நேரம் பார்க்கவில்லை
சூரியன் தெரிகிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், பேட்டரி ஏறுகிறது. ஊசிப் பெட்டி மடியில்.
"எபனேசர், காலை மாத்திரை போட்டீங்களா?"
மறுபடி அழைத்தேன்.
"பேச வேண்டாம். ரேடியோவ ஒரு தட்டு மட்டும் தட்டுங்க."
திறந்தே இருக்கும் ரேடியோவில் அவருடைய குடிலின் காற்றாடி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. பேட்டரி நிரம்ப இன்னும் நாலு மணி நேரம்.