தண்டு விட்டது வாள்செடிதான், கலா

என் கலாவுக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் கடிதம் எதற்கு? இப்போது எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. உன் மீன்தொட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தொட்டி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. தலைவலி என்று, வேலை பார்த்த உரக்கடையிலிருந்து சீக்கிரமே வந்து படுத்தவள் நீ. மறுநாள் உன்னை விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் வண்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தோம். காரியமெல்லாம் முடிந்ததும் உன் அண்ணன் சொன்னார்: "அத்த யாருக்கனா தூக்கிக் குடுத்துடு சரோ. பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது."

நான்தான் வேண்டாம் என்றேன். அது வீட்டுக்குள் வந்த நாளில், "டிவி வைக்கிற எடத்துல குட்டை வெட்டப் போறியா?" என்று உன்னோடு சண்டை போட்டவள் நான். நானே ஏன் வேண்டாம் என்றேன்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மீன்களுக்குத் தீனி போடக் கற்றுக்கொண்டேன். செடிகள்தான் என்னைக் குழப்பின. நீ "என் வாள்செடி, என் வாள்செடி" என்பாயே, அது எது? தொட்டிக்குள் மூன்று வகை இருந்தன. பின்னால் ரிப்பன் மாதிரி நீளமாக ஒன்று. கல்லோரத்தில் குட்டையாக ஒன்று. நடுவில் பெரிதாக ஒன்று. பார்வைக்கு அந்த ரிப்பன்தான் வாள் மாதிரி இருந்தது. ஒரு மாதம் அதையே வாள்செடி என்று நினைத்து, பாசி துடைத்து, பழுத்ததைக் கிள்ளி, பார்த்துப் பார்த்து வளர்த்தேன்.

விழுப்புரம் போனபோது மீன் கடையில் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். கடைக்கார அம்மா சிரித்துவிட்டாள். "அது வேறங்க. ஸ்வார்டு, அதான் வாள்செடி, அதுக்கு ஒரே குருத்துலேர்ந்து சுத்தி இலை விரியும், ஒவ்வொரு இலைக்கும் காம்பு இருக்கும். நடுவுல இருக்குதே, அதுவா இருக்கலாம். ஆனா அதே மாதிரி வேற செடியும் இருக்குது. போட்டோ பாத்து உறுதியா சொல்ல முடியாதுங்க."

சரி, நடுவில் இருப்பது என்றே வைத்துக்கொண்டேன். அதற்குள் அதற்கு வேறு ஒரு கேடு வந்துவிட்டது. புதிதாக வந்த இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சிங்கவரத்தில் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா? இரும்புச்சத்துக் குறை. உன் உரக்கடையில் நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்! கொல்லையில் என்றால் மருந்தைக் கரைத்து அடித்துவிடலாம். தொட்டியில் மீன் இருக்கிறதே. கடைக்கார அம்மா கொடுத்த உர மாத்திரையை வேரோரமாகக் கூழாங்கல்லுக்குள் அழுத்தி வைத்தேன். மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் ஒரு புது இலை வந்தது. அழுகுகிறதோ என்று பயந்தேன். இல்லை, வளர வளர அதுவே பச்சையாகிவிட்டது.

கலா, அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தச் செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. இலையே இல்லை, கணு கணுவாக முடிச்சு மட்டும். நான்கைந்து நாளில் மேலே வந்து மூடியை இடித்தது. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, ஒரு மீன் தரையில் காய்ந்து கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்துத் தண்டை அடியோடு வெட்டி, கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய பக்கெட் தண்ணீரில் வீசிவிட்டேன். அப்புறம் அதை மறந்தும் போனேன்.

அதற்கு மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் அந்த மனிதர் வந்தார்.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"கலாவதி வீடு இதுதாங்களா?"

"ஆமா. நீங்க?"

"அவலூர்பேட்டையிலேர்ந்து வரேங்க. பேரு ஜெயராஜ். போனு சுவிட்ச் ஆஃப்னே வந்துனு இருந்துச்சு. உரக்கடையில போயி கேட்டேன். சொன்னாங்க." டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஒரு செடி குடுத்திருந்தேங்க. அது இன்னா செடின்னு பாத்துட்டுப் போலாம்னு."

செடியைப் பார்க்க ஒருவர் அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவாரா? உள்ளே கூப்பிட்டேன். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் சொன்னார். பேர் தெரியாத ஒரு சின்னச் செடியை அவர்தான் உனக்குக் கொடுத்தாராம். நீ அதை வாள்செடி என்றாயாம். அவர் இல்லை என்றாராம். வாள்செடி என்றால் ஒருநாள் தண்டு விட்டு, அந்தத் தண்டின் கணுவில் குட்டி போடும். கூழாங்கல்லுக்குள்ளேயே வேர் ஓடிப் பக்கத்தில் முளைத்தால் அது வேறு செடி. யார் சொன்னது சரி என்று இரண்டு வருஷமாக உங்களுக்குள் வழக்கு நடந்ததாம்.

இரண்டு வருஷமா, கலா?

"தண்டு எதுனா வுட்டுச்சாங்க?" என்று கேட்டார். நான் வெட்டி எறிந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொல்லைப்புறம் ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

தண்டு அந்தப் பக்கெட்டில் மிதந்துகொண்டுதான் இருந்தது. அழுகவில்லை. மூன்று கணுவில் மூன்று குட்டிச் செடிகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து இலை, அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளை வேர். வெட்டி எறிந்த தண்டு எப்படிப் பிழைத்தது? வேர் கிடையாது, மண் கிடையாது.

அவர் இரண்டு கையாலும் அதை எடுத்தார். சிரித்தார். சிரிக்கும்போதே முகம் கோணிக்கொண்டது. "கலா சொன்னதுதாங்க கரெக்டு. நான்தான் தோத்துட்டேன்," என்றார். அதுவரை வாங்க போங்க என்றே பேசிக்கொண்டிருந்த மனுஷர் உன்னை வீட்டு மனுஷர் மாதிரி 'கலா' என்று சொன்னது அப்போதுதான்.

குட்டிகளைப் பிரித்தோம். ஒன்றைத் தாய்ச்செடிக்குப் பக்கத்தில் நான் நட்டேன். குருத்தை மூடிவிட்டேன் போலிருக்கிறது, "வேரு மட்டும் உள்ள போவட்டுங்க, குருத்து வெளிய தெரியணும்" என்று சொல்லித் தூக்கிவிட்டார். மற்ற இரண்டையும் அவருடைய டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். ஒன்று போதும் என்றார். நான் கேட்கவில்லை.

இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தேன். சாப்பிடச் சொன்னால் ஜன்னலைப் பார்த்தார். கோட்டை மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க. நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா சாப்ட மாட்டோம். அம்மா ரொம்ப கண்டிப்பு."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"அம்மாவும் நானுந்தாங்க."

உன் ராத்திரித் தட்டுதான் என் கண்முன்னே வந்தது, கலா. உன்னுடைய கடைசி இரண்டு வருஷமும் நீ இருட்டுவதற்குள் இரண்டு இட்லியைச் சாப்பிட்டு முடித்துவிடுவாய். ராத்திரி தட்டு வைத்தால் தொடமாட்டாய். கேட்டால் "கேஸ் டிரபுள் அண்ணி" என்பாய். நானும் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது வாயுத் தொல்லைதானா? இல்லை, இங்கே நீயும் அங்கே அவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? அவரிடம் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கவும் வழியில்லை.

உனக்கு வந்த ஜாதகத்தையெல்லாம் நீ திருப்பி அனுப்பியபோது, திமிர் பிடித்தவள் என்று நான் பக்கத்து வீட்டில் பேசியிருக்கிறேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன் பக்கம் நின்றிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. சத்தியமாகத் தெரியவில்லை.

அவர் தெருமுனை திரும்பும்போது உன் அண்ணன் எதிரே வந்தார். "யாரு அது?" என்றார். "செடி கேட்டு வந்தவர்" என்றேன். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இரண்டு நாள் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தண்டை வெட்டியது, பக்கெட், இடியாப்பம், இட்லி எல்லாம்.

கத்துவார் என்று நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். நீ போன பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பியது அன்றைக்குத்தான். அந்தக் குட்டிச் செடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு கலாவுக்கு இன்னா பயம்?" என்றார்.

தொட்டிக் கண்ணாடியைத் தொட்டபடியே கேட்டார்: "அவங்க ஊர்ல தண்ணி எப்டி? போர் தண்ணியா? செடி புடிச்சிக்குமா?"

"தெரியலைங்க."

"போய் பாத்துட்டு வந்துடலாம். ஞாயித்துக்கெழம."

அவ்வளவுதான் நடந்தது. ஜெயராஜ் உனக்கு யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. நண்பர்தானா, அதற்கு மேலா? இன்னும் நாலு வருஷம் இருந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாயா? யோசித்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் உன் அண்ணனும் அவலூர்பேட்டை போகிறோம். ஜெயராஜிடம் துருவித் துருவி ஒன்றும் கேட்கமாட்டேன். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். அவருடைய அம்மா சாப்பிடச் சொன்னால், பொழுது இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம்.

உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, உன்னைப் பாதிதான் தெரிந்துகொண்ட உன் அண்ணி,
சரோஜா