படுக்க வைத்த தூபபீடம்

அம்மாவுக்கு, நம் கடவுள் யாவே உன்னையும் திர்சா அக்காவையும் நலமாக வைத்திருக்கட்டும். நான் கொழுத்த ஆடு மாதிரி இருக்கிறேன்.

இனி எருசலேமில் மட்டுமே வழிபாடு, மற்ற பீடங்களை உடைக்க வேண்டும் என்று அரசாணை வந்துவிட்டது. எங்கள் கோட்டைத் தூபபீடத்தை உடைக்க யாருக்கும் கை வரவில்லை. நானும் என்னோடு காவல் நிற்கும் கெமரியாவும் அதைப் படுக்க வைத்து மண்ணால் மூடினோம்.

"மெதுவாடா, சாமி முழிச்சிக்கப் போறாரு" என்றான் அவன்.

"முழிச்சா நீ தாலாட்டுப் பாடு."

அக்காவின் பிரசவத்துக்காக நீ கொடுத்தனுப்பிய சாம்பிராணியை அந்த மண்மேலேயே கொளுத்தினேன். கோட்டைத் தலைவர் வந்துவிட்டார்.

"என்னடா புகை?"

"கொசுவுக்குங்க."

புகையை முகர்ந்து பார்த்தார். "என் வீட்டுக்காரியும் மாசமா இருக்கா. அவளுக்கும் ஒரு பிடி போடு."

போட்டேன். புகை மேலே சாமிக்கு எட்டியதா என்றுதான் இருப்புக்கொள்ளவில்லை. கம்பளி அனுப்பு, குளிர்கிறது. எழுத இந்தப் பானை ஓட்டில் இதற்குமேல் இடமில்லை. பெண்ணோ பையனோ, அக்கா பிழைத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பு.

உன் ஷெப்னா