கண்ணாடியை ஏற்றச் சொன்ன மனுஷனுக்கு

மெக்கானிக் சலீம் பாய் அதைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அடுப்படி மேடையில் வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ந்து வெடித்த குளியல் சோப்புத் துண்டு. அதன்மேல் சுற்றியிருந்த சைக்கிள் ட்யூப். பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. குளியலறையிலிருந்து ஒருநாள் காணாமல் போன என் மஞ்சள் சோப்பு இது. எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாய். அந்த எலி நீதான்யா.

நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறாள் உன் அக்கா. நான் திட்டத்தான் போகிறேன். பதினோரு வருடம் உன்னோடு அப்படித்தான் பேசினேன், வேறு மாதிரி பேச எனக்கு வராது.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூக்கில் ஏதாவது ஏறினால் எங்கிருந்து என்று கேட்க மாட்டோம். சுற்றியிருக்கும் ஆலைகளைச் சொல்லிக் கம்பெனி நாத்தம் என்போம், ஜன்னலைச் சாத்துவோம். தெரு வாட்ஸ்அப்பில் யாராவது "வருது, சாத்துங்க" என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்கக் கதவடைத்துவிடும். நம்ம காரிலும் நாம் அதையேதான் செய்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போது பெட்ரோல் வாடை குப்பென்று வரும். "இன்னாயா இது, வண்டிக்குள்ளயே வருது?" என்று கேட்பேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "கம்பெனி நாத்தம்தான் மே. கண்ணாடிய ஏத்து" என்பாய். நான் ஏற்றுவேன். பின் சீட்டில் இருக்கும் நம்ம பாப்பாவையும் ஏற்றச் சொல்வேன்.

அந்தப் பின் சீட்டில்தான் அவளுக்கு இருமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ டேங்க்கை வாய்வரை நிரப்புவாய், திங்கட்கிழமை ஸ்கூல் வாசலில் அவள் வாந்தி எடுப்பாள். வீசிங் என்றார் டாக்டர். வீடு எங்கே என்று கேட்டார். சொன்னோம். அந்தப் பக்கத்துக் காற்று அப்படி என்றார். நானும் வீட்டுக்கு வந்து எல்லாக் கம்பெனிக்காரனையும் வாயார சபித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். எப்படி முடிந்தது உன்னால்?

நீ போன பிறகு வண்டியை நான் எடுத்தேன். ஓட்டிப் பழக்கமில்லாத பயத்தில் தூரமாக எங்கும் போனதில்லை, அஞ்சு லிட்டருக்கு மேல் போட்டதே இல்லை. வாடை வரவில்லை. பாப்பாவுக்கு வீசிங்கும் குறைந்தது. அப்பா இல்லாத வீட்டில் இந்த நல்லதாவது நடக்கிறதே என்று சாமி படத்துக்கு முன்னால் அழுதேன்.

போன மாதம் செங்கல்பட்டில் என் தங்கை வீட்டு வளைகாப்பு. தூரம் அதிகம் என்று முதல்முறையாக ஃபுல் டேங்க் போட்டேன். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி, இருபக்கமும் ஏரியும் வயலுமாக இருக்கும் இடத்தில் பாப்பா சொன்னாள்: "அம்மா, கம்பெனி நாத்தம் வருது." சொல்லிவிட்டு அவளாகவே கண்ணாடியை ஏற்றினாள்.

வண்டியை ஓரம் கட்டி நாலு கதவையும் திறந்தேன். அவளைத் தூக்கிப் புளியமரத்தடியில் நிறுத்தினேன். வெளியே மண்வாசனை, உள்ளே தலையைவிட்டால் பெட்ரோல். அங்கே எந்தக் கம்பெனி இருக்கிறது, சொல்லு.

சலீம் பாயிடம் கொண்டுபோனேன். அவரும் நம்ம ஊர்தானே, முதலில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது இங்க அடிக்கிற நாத்தம்மா. வண்டில ஒண்ணியும் இல்ல" என்றார். செங்கல்பட்டில் அடித்தது என்றேன். உடனே நிமிர்ந்தார். "ஃபுல் டேங்க் போட்டா மட்டும் வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிக்கியில் கிடந்த விரிப்பைத் தூக்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்கு இறங்கும் ரப்பர் குழாய் நெடுக விரிசல். விரிசலில் சோப்பு. "யாரோ அடைச்சிக்கீறாங்கம்மா. பெட்ரோல்ல சோப்பு கரையாது, ஆனா காஞ்சா வெடிச்சிக்கும். நெருப்புப் பொறி பட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றார். அவருக்கு யார் என்று தெரியாது. எனக்குச் சோப்பின் நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

புதுக் குழாய், இரண்டு முனையிலும் புது கிளிப். டேங்க்கை நிரப்பி, வண்டியை நாலு பேர் பிடித்துக் குலுக்கி, குழாயைச் சுற்றி விரலால் தடவி மோந்து பார்த்தார்கள். அரை நாள் வேலை. அவ்வளவுதான்யா. அரை நாள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போக உன்னால் முடியவில்லை. அதற்கு என் பிள்ளை மூச்சுக்குத் திணறினாள். உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் கண்ணாடியை ஏற்றச் சொன்னாய். ஊர்மேல் பழியைப் போட்டாய், ஊரும் ஏற்கெனவே நாறிக்கொண்டிருந்ததால் உன் பொய் எடுபட்டது.

வாந்தியைத் துடைக்க முதலில் ஓடுகிறவன் நீதான். அதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

உன் உடம்புக்கும் நீ இதைத்தான் செய்தாய். கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாய். "இன்னாயா பண்ணுது?" என்றேன். "வாயு மே. ஒண்ணியும் இல்ல" என்றாய். உன் சட்டை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருதடவைதான் சொன்னேன். அடுத்த தடவை சொல்லவில்லை, ஓமத் தண்ணி காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். நான் டம்ளரோடு திரும்பி வருவதற்குள் நீ சாய்ந்திருந்தாய்.

இப்போதெல்லாம் பாப்பா ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்புவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்கிறேன். "விடும்மா, பேஜாரு பண்ணாத" என்று தள்ளிவிடுகிறாள். தள்ளட்டும். ஒருத்தர் சொன்னதை நம்பி அடுப்படிக்குப் போனவள் நான்.