மொபெட்டில் போகும் தொப்பைக்காரன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. பகல் ஷிப்ட்.

சாப்பாட்டு நேரத்தில் போன், புது நம்பர். எடுத்ததும் இங்கிலீஷ். இங்கிலீஷ் என்றால் கிரெடிட் கார்டு, வேறென்ன. "தோ பாருப்பா, சோறு துன்ற நேரத்துல பேஜாரு பண்ணாதே. கார்டும் வேணாம், கடனும் வேணாம்" என்று வைத்தேன். கேன்டீனில் கைதட்டல். எனக்கும் கொஞ்சம் பெருமை.

வீட்டுக்கு வந்தால் மகள் ஸ்டெல்லா முகம் உம்மென்று. கார்டு இல்லையாம். செல்போன் கேம் வெளியிடுகிற பெரிய கம்பெனியாம், சென்னையில். பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து பழைய கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து அவள் செய்த கேமை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். பொண்ணு நம்பர் வேண்டாமே என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

"அவங்ககிட்ட இன்னாப்பா சொன்ன?"

"கார்டு வேணாம்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரி ரோசி சிரித்த சிரிப்பில் குழம்புக் கரண்டி கீழே.

ஸ்டெல்லாவே திரும்பப் பேசி மன்னிப்புக் கேட்டாள். கேமை எடுத்துக்கொள்கிறார்களாம்.

கொசுவத்தி, ரீசார்ஜ். மறக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு மணி நேரம் கரண்ட் கட்.

கேமை ஆடிப் பார்த்தேன். ஒரு ஆள் மொபெட்டில் போகிறான். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டி, சங்கு ஊதுவதற்குள் கம்பெனிக்குள் போக வேண்டும். நடுவில் நாய், ஷேர் ஆட்டோ, குட்டை. ஆளுக்குத் தொப்பை. தலை நடுவில் முடி இல்லை.

"யாரும்மா இது?"

"சும்மா ஒரு ஆளுப்பா."

"கண்ணாடில போய் பாருயா" என்கிறாள் ரோசி.

தொப்பை இவ்வளவு எல்லாம் இல்லை. சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கம்பெனிக்குக் கேம் பிடித்திருக்கிறது. ஆள் மட்டும் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலும் விற்க வேண்டுமாம், ஒல்லியாக ஒரு பையன், ரேஸ் பைக் வேண்டுமாம். ஸ்டெல்லா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. இன்றைக்கு ஆளை மாற்றுவான். நாளைக்குக் கேட்டை மாற்றுவான். எல்லாம் மாறிய பிறகு, இது எங்கள் கேம், நீ யாரம்மா என்பான். தொப்பைக்காகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூன் 11, புதன்

பிளாஸ்டிக் பக்கெட் ஊற்றுகிற மெஷின் இரண்டு தடவை நின்றது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நான் மெஷினைப் பார்த்தேன்.

பக்கத்து மெஷின் பஷீர் பாயிடம் சொன்னேன். பழவேற்காட்டு ஆள், எதையும் சீக்கிரம் நம்ப மாட்டார்.

"அவ்ளோ பெரிய கம்பெனிக்கு உன் பொண்ணுகிட்ட இன்னாபா வேலை?"

"கேம் நல்லா இருக்குதாம்."

"இந்த பக்கெட்டு கூடதான் நல்லா இருக்குது. ஊத்தறது நீயும் நானும். லாரி ஏறும்போது யார் பேரு ஒட்டினு போவுது?"

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. பாய் என் ஆம்லெட்டையும் சாப்பிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

பல்வலி என்று லீவு. பல்லுக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலும் பல்வலி என்றுதான் சொன்னேன்.

சென்ட்ரல் வரை ரயில், பிறகு பஸ், அந்தக் கேம் கம்பெனிக்கு. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது செய்ததுதான். நேராக உள்ளே போனால் எல்லாம் நல்லதாகத்தான் சொல்வார்கள். எதிர் டீக்கடையில் கேட்டால்தான் குடும்பம் தெரியும்.

கண்ணாடிக் கட்டிடம். டீக்கடைக்காரரிடம், "எதிர் கம்பெனி எப்படி? ஆளுங்க நல்ல மாதிரியா?"

"இன்னா சார், பொண்ணு குடுக்கப் போறியா?"

ஒரு மாதிரி ஆமாம், பொண்ணு செய்த கேமைக் கொடுக்கப் போகிறோம் என்றேன். கடன் வைப்பதில்லை, சத்தம் போடுவதில்லை என்றார். பிறகு சமோசா தின்றுகொண்டிருந்த ஒரு பையனைக் காட்டி, "இவரும் கேம் குடுத்துட்டு உள்ள வேலைக்குப் போனவருதான், கேளு."

பள்ளிப்பட்டுப் பையன். மரியாதை தெரிந்தவன். பெத்த அப்பனைப் போல என்னை நைனா என்றான்.

"டப்பு கரெக்டா வந்துச்சு நைனா. ஏமாத்தல."

"பேரு?"

"பேரு போடல. நான் கேக்கல, அதான். என் கேம்ல மாட்டு வண்டி. அவங்க அத பனிக்கட்டில போற வண்டியா மாத்திட்டாங்க. நல்லாத்தான் ஓடுது. எங்க அம்மாட்ட காட்டுனேன், இது எந்த ஊருடான்னு கேக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ரயிலில் வரும்போது சிரிப்பு இல்லை.

ஏமாற்றுக்காரன் என்றால் சண்டை போடலாம். இவர்களை என்ன செய்வது?

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம், கேமில் உன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கு என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா, பாய் சொன்னார் என்று சமாளித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. கோயிலில் ஃபேன் ஓடவில்லை. பிரசங்கம் மட்டும் ஓடியது.

மத்தியானம் கம்பெனி ஆள் விக்ரம் வந்தான். நெல்லூர் போகிற வழியாம். இஸ்திரி கலையாத சட்டை. ரோசி வைத்த வடையை முழுசாகச் சாப்பிட்டான். அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும்.

"சார், எங்க ஆபீஸ் எதிர்ல டீ நல்லாருந்துச்சா?"

பள்ளிப்பட்டுப் பையன் சொல்லிவிட்டான். ரோசி என் பல்லைப் பார்த்தாள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பா கோபமா தெரியவில்லை.

அப்புறம் அவள் பேசினாள். நான் பேசலாம் என்று தொண்டையைச் செருமி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. கேம் திறந்ததும் முதலில் அவள் பெயர். இதற்கு அடுத்த பாகம் வந்தால் அவள்தான் செய்வாள், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. விக்ரம் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். இரண்டுக்கும் சரி. பேப்பரிலும் எழுதினான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், சரியாகத்தான் இருந்தது.

"ஆனா கேரக்டர் மாத்தியே ஆகணும் மேடம். அதுல எங்க கையில ஒண்ணும் இல்ல. அந்த ஆளு வேணும்னா நாங்க எடுக்க முடியாது."

ஸ்டெல்லா பேனாவைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுப்பா. வேணாம்னா வேணாம். வேற கம்பெனி பாத்துக்கலாம்."

வேறு கம்பெனி எங்கே இருக்கிறது. அவள் கண் பேப்பர் மேலேயே இருந்தது.

"மாத்திக்கினு போவட்டும்மா. தொப்பையும் ஆளும். எனக்கு இன்னா வந்துச்சு" என்றேன். விக்ரம் சிரித்தான். ரோசி சிரிக்கவில்லை. ஸ்டெல்லா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.

வாய் வரை வந்து சொல்லாதது: அந்த மொபெட்டுல நானே இருந்துட்டுப் போறேனேம்மா.