துரைசானி சைக்கிள்

இன்னாங்க, காலையில் ஒரு மண் லாரி தெருவையே அதிரவைத்துப் போனது. உத்தரத்தில் தொங்கும் உங்கள் சைக்கிள்களின் மணிகள் லேசாகக் கிணுகிணுத்தன. செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். நீங்களே போய்ச் சேர்ந்தாயிற்று, தங்கச் சுரங்கத்தில் இனி எனக்கு யார் இருக்கிறார்கள்? இருந்தும் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன்.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது விட்டுப்போன பழைய சைக்கிள்களைத் தேடித் தேடி வாங்கி வந்தீர்கள். கம்பெனி கொடுத்த ஒற்றை அறை லைன் வீடு. எனக்குப் பாய் விரிக்க இடமில்லை, உங்களுக்கு நாலு சைக்கிள். "இதுங்களுக்கும் நான் சோறு ஆக்கணுமா?" என்று கத்துவேன். எண்ணெய்த் துணியைக் கீழே வைக்காமலே சொல்வீர்கள்: "கீழ காத்து குழாய்ல வருது மே. மேல சும்மா வருது. வாங்கிக்க வேணாமா?" ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டை இறக்கத்தில் மிதிக்காமல் இறங்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறாமையில்தான் நானும் ஓட்டப் பழகினேன், யாரோ ஒரு துரைசானி விட்டுப்போன, பார் இல்லாத சைக்கிளில்.

பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிந்தால் இங்கே ஏர் பிளாஸ்ட் என்போம். அப்படி ஒருநாள் வெடித்தபோது பகல் ஷிப்டில் நீங்கள் கீழே இருந்தீர்கள். அடுக்கிவைத்த பாத்திரமெல்லாம் உருண்டது. நாலு சைக்கிள் மணியும் ஒன்றாக அடித்தன. துரைசானி சைக்கிளை இறக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாம்பியன் ரீப்ஸ் கடைத்தெரு நடுவே மிதித்தேன். "பொம்பள சைக்கிள்ல போறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும்.

சுரங்க ஷாஃப்ட் வாசலில் ஊரே நின்றது. கேஜ் கூண்டு மேலே வரும், ஆட்கள் இறங்குவார்கள், திரும்பக் கீழே போகும். நீங்கள் மட்டும் இல்லை. ஹேண்டிலை நான் விடவில்லை. பொழுது சாயும்போது முகமெல்லாம் மண்ணாக வெளியே வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், சைக்கிளைப் பார்த்தீர்கள்.

"பின்னால உக்காருங்க" என்றேன். கேரியரில் உட்கார்ந்தீர்கள்.

வழியெல்லாம் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டீர்கள். உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. எதற்கும் பயப்படாத மனிதன் என்று நினைத்திருந்தேனே, அன்றைக்குத்தான் உங்கள்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் "டீ போடு மே" என்றீர்கள். மறுநாள் அதே ஷிப்டுக்குப் போனீர்கள்.

பழைய இரும்பை விற்றுவிடலாம் என்கிறான் பிள்ளை. துரைசானி சைக்கிள் போக மற்ற மூன்றையும் விற்கட்டும். வீட்டில் உட்கார முடியவில்லை, இதை எடுத்துக்கொண்டு தினமும் மாரிகுப்பம் வரை போய்வருகிறேன். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். நான் இறங்குவதில்லை. கேரியர் காலி என்று என் முதுகுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.