அத்தையும் நானும் படித்த எச்.டி.எம்.எல்

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே மழை ஓயவில்லை. நம் லய வீடுகளுக்குப் பின்னால் உங்கள் லீக்ஸ் பாத்தியில் பாதி அழுகிவிட்டது. மீதிக்கு மண் அணைத்து வைத்திருக்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பொம்பளை எதற்காகச் சனிக்கிழமை தோறும் மருமகளோடு ஹட்டனுக்கு பஸ் ஏறினாள் என்று தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்க என்றால் சிரிக்கிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இணையப் பக்கம் செய்யப் பழகினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. உங்கள் மகன் சம்மதிக்கவில்லை. தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், ரோட்டில் நடப்பதையெல்லாம் பார்க்கிறவர். “தனியா எதுக்கு அவ்வளவு தூரம்? திரும்பி வரப் பொழுது சாஞ்சிரும்” என்றார். நான் தட்டைக் கழுவிக்கொண்டே அழுதேன். நீங்கள் அடுப்படியிலிருந்து பதில் சொன்னீர்கள்.

“அவ தனியா போகல. நானும் போறேன். அதுக்கு மேல என்ன பேச்சு?”

துணைக்கு வந்த உங்களைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். வகுப்பு நடத்திய நஸ்ரின் மிஸ், உங்கள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரையும் போட்டுவிட்டார். “சும்மா இருக்கிற நேரத்துக்கு நீங்களும் தட்டிப் பாருங்கம்மா.” நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல்-தான் முதல் பாடம். எழுத்துக்கு முன்னால் ஒரு டேக், பின்னால் அதை மூடும் டேக், நடுவிலே நாம் எழுதுவது. எல்லாம் சேர்ந்தால் ஒரு எலிமென்ட். h1 என்றால் பெரிய தலைப்பு. p என்றால் பத்தி. மூடும் டேக்கை நான் மறப்பேன், நீங்களும் மறப்பீர்கள். ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டோம். வீட்டில் மாமியாரும் மருமகளுமாக இருந்தவர்கள் அங்கே ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஆனோம். நீங்கள் என்னைச் ‘சாந்தி’ என்று பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். அதுவரை நான் வெறும் ‘இந்தா’.

உங்கள் காய்கறித் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் செய்தீர்கள். கரட், லீக்ஸ், பீட்ரூட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. லீக்ஸை மட்டும் பச்சையாக்க நினைத்து, எதற்கு நிறம் என்று காட்டும் செலக்டரில் வெறும் p என்று போட்டீர்கள். கரட்டும் பீட்ரூட்டும் சேர்ந்து பச்சையாகிவிட்டன.

“நான் லீக்ஸத்தானே சொன்னேன்?”

“இல்லம்மா, p-ன்னு சொன்னா இந்தப் பக்கத்தில உள்ள எல்லாப் பத்தியையும் அது எடுத்துக்கும்” என்றார் மிஸ். “சிலத மட்டும்னா அதுகளுக்குக் கிளாஸ்னு ஒரு பேர் வச்சு, முன்னால புள்ளி போட்டுக் கூப்பிடணும். ஒண்ணே ஒண்ணுன்னா அதுக்கு ஐடின்னு தனிப் பேர் வச்சு ஹேஷ் குறி போடணும்.”

“காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல கண்டாக்கையா கூப்பிடுற மாதிரி. பொம்பளைங்கன்னா எல்லாரும் போவோம். பேரச் சொன்னா ஒருத்தி போவா” என்றீர்கள்.

மிஸ் சிரித்தார். லீக்ஸ் மட்டும் பச்சையானதும் நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். அந்தச் சனிக்கிழமைதான் நாம் சேர்ந்து படித்த கடைசிச் சனிக்கிழமை என்று யாருக்குத் தெரியும்?

அந்த வாரமே ஒரு காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உங்கள் மகன் ஓட்டினார். பின்னால் உங்களை மடியில் வைத்துக்கொண்டு, “அத்தை, அத்தை” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். பாதி வழியில் உங்கள் கை என் கையிலிருந்து நழுவியது. நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வளைவுகளில் எப்படி ஓட்டுவார்? ஆஸ்பத்திரி வாசல் வரை வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா, அத்தை?

கருமாதி முடிந்தது. அவர் அழவேயில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கூடாரம் பிரித்தார், மறுநாள் லொறியை எடுத்தார். வீட்டில் பேச்சு மட்டும் நின்றுபோனது. வகுப்பைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் நஸ்ரின் மிஸ் உங்கள் மகனுக்கு போன் எடுத்தார். “அம்மா செஞ்ச பக்கம் எங்கிட்ட இருக்கு. வந்து பாக்குறீங்களா?” என்று அவரிடமே கேட்டாராம். இருவரும் போனோம். திரையில் உங்கள் தோட்டம், பீட்ரூட்டோடு நின்றுபோயிருந்தது.

“இத அம்மாவா செஞ்சாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் வகுப்பில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தாராம். வரும்போது பஸ் கொட்டகலையைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். “நீ தொடர்ந்து போ. தனியாவே போ.”

இப்போது தனியாகத்தான் போய்வருகிறேன். பழகிப் பார்க்க மிஸ் ஒரு பழைய லேப்டாப் இரவல் தந்திருக்கிறார். போன ஞாயிறு மத்தியானம் நான் பாடம் செய்துகொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மா தட்டின மாதிரி எனக்கும் ஒண்ணு காட்டு.”

p டேக்கைத் திறந்து, மூடிக் கொடுத்தேன். நடுவிலே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘அம்மா’ என்று அடித்தார். திரையில் சின்னதாக வந்தது.

“இதப் பெருசாக்க முடியுமா?”

“p இருக்கிற இடத்தில h1 போடுங்க. முன்னாலயும் பின்னாலயும்.”

போட்டார். திரையின் மேலே தடித்த எழுத்தில் வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அப்பவே தெரியும் சாந்தி” என்றார். “பின்னால நீ கூப்பிடுற சத்தம் நின்னப்பவே தெரிஞ்சிருச்சு. நீ சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன்.”

மேசையில் தலையைச் சாய்த்து அழுதார், அத்தை. வெகுநேரம் அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. பிள்ளை மனசுக்குள்ளேயே வைத்துக் கருகிப்போகிறானே என்று நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள், இல்லையா?

வகுப்பைப் பாதியில் விடமாட்டேன். சோதனை எழுதுவேன், வேலையும் தேடிக்கொள்வேன். உங்கள் மகனைத் தனியாக அழவும் விடமாட்டேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் மருமகளும் வகுப்புக் கூட்டாளியுமான
சாந்தி