மூன்று மணிக்கு யார் வாசிப்பது?

கிரெமோனா, 7 மார்ச் 1999

என் உயிருக்கு உயிரான கிரண் அக்காவுக்கு,

உலகத்தார் கவனத்துக்கு ஒரு முக்கியச் செய்தி: நேற்றுக் காலை பல் துலக்கும்போது, நவ்தேஜ் சிங்காகிய என் மேலுதட்டில் பதினோராவது முடி கண்டுபிடிக்கப்பட்டது. இத்தாலி அரசு இன்னும் விடுமுறை அறிவிக்கவில்லை.

அடுத்தது சின்னச் செய்தி. நமக்குக் குருத்வாரா கிடைத்துவிட்டது! ஒன்பது வருஷம் டிராக்டர் கொட்டகையில் கும்பிட்டோமே, இனி பழைய சீஸ் கிடங்கு நம்முடையது. நகராட்சி ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டது. ஏழு முறை கழுவியாயிற்று. சீஸ் வாசனை மட்டும் காலி செய்ய மறுக்கிறது.

ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை திறப்பு. குரு கிரந்த சாகிபை நாற்பத்தெட்டு மணி நேரம் இடைவிடாமல் வாசிக்க வேண்டும். நடுவில் குரல் நின்றால் மறுபடி முதலிலிருந்து. சிக்கல் என்னவென்றால், மதியம் மூன்று மணி பால் கறக்கும் நேரம். வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் மாட்டிடம் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"நீயாடா? வாய் ஓடுற அளவுக்கு வாசிப்பு ஓடுமா?" என்றார் அப்பா.

"ரயில் மாதிரி ஓடும், பாருங்க" என்றேன்.

வந்து கேள், அக்கா.

உன் செல்லத் தொல்லை,
நவ்தேஜ்

*

மிலான், 15 மார்ச்

அன்பு நவூ,

கிடங்குச் செய்தி படித்து அழுதுவிட்டேன். அந்தக் கொட்டகையில்தான் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்துக்கு மூன்று இடத்தில் தடுக்கி விழுவாய். மரியாதையாகப் பெயரைத் திரும்ப வாங்கிவிடு.

நான் வரவில்லை. தாவிதேயை மணந்த அன்று, "எனக்குப் பொண்ணே இல்ல" என்றார் அப்பா. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. நல்ல நாளில் அவர் முகம் திருப்புவதை ஊரே பார்க்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் முத்தம்.

கிரண்

*

மிலான், 20 ஏப்ரல்

அடே போக்கிரி,

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு ஓடிவிடத்தான் வந்தேன். நீ ஒரே சொல்லை நாலு தரம் சுற்றியதும் என் கால் தானாக முன்னால் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லைப் பிடித்துக்கொண்டு, மீதியை நானே வாசித்தேன்.

ஐந்து மணி முறை அப்பாவுடையது என்று ஏன் சொல்லவில்லை? கைகால் கழுவி வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஆள் மாறும்போது இருவரும் வரியைச் சேர்ந்து சொல்லியாக வேண்டுமே! உட்கார்ந்தார். ஒரு வரி போதும், அவர் தலையசைத்தால் நான் எழுந்துவிடலாம். அவர் அசைக்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க அவர் குரலோடு என் குரலும் போயிற்று.

ஏழு மணிக்கு வெளியே வந்து, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கும் மூணு மணிக்கு ஆள் இல்ல. அந்தப் பையனையும் கூட்டிட்டு வா. தலையில துணி கட்டச் சொல்லு" என்றார்.

எல்லாம் உன் திட்டம் என்று அம்மாவிடம் அளந்தாயாமே? வேண்டுமென்றே தடுக்கினாயா?

அக்கா

*

கிரெமோனா, 25 ஏப்ரல்

ஆருயிர் அக்கா,

இன்று தொழுவத்தில் அப்பா, "மாப்பிள்ள துணிய நல்லாத்தான் கட்டியிருந்தாரு" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் இருமினார்.

குடும்பத்தைச் சேர்த்துவைத்த மூளை என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் மார்தட்டினேன். உன்னிடம் முடியவில்லை. நீ தூணுக்குப் பின்னால் நின்றதே எனக்குத் தெரியாது. எனக்கு அடுத்து ஐந்து மணிக்கு யார் முறை என்றும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே தடுக்கி விழவில்லை, அக்கா. எனக்கு நிஜமாகவே வாசிக்க வரவில்லை. அந்தச் சொல் புரியாமல் அழுகை வந்து, எழுத்தே மங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது முதல் எழுத்திலிருந்து சொல்லித்தருவாயா? அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

நவூ